உடலும் ஓட்டும் – 9: ‘ஆண்’ என்ற சொல் அழிந்த கதை

சென்ற வாரம் பாராளுமன்றத்தின் வாசலில் நின்றோம். ஆண்டு 1995. நீதி அமைச்சர் ஜீ.எல். பீரிஸின் பொறுப்பில் ஒரு சட்டமூலம் உள்ளே போகிறது. வெள்ளைக்காரன் 1883-இல் எழுதி வைத்துவிட்டுப் போன தண்டனைச் சட்டக்கோவையை, 112 ஆண்டுகள் கழித்து, பெண்கள் பக்கமும் பிள்ளைகள் பக்கமும் கொஞ்சம் திருப்பி வைக்க வந்த சட்டமூலம் அது. உள்ளே போனதும் வெளியே வந்ததும் ஒன்றல்ல என்று சொல்லி நிறுத்தியிருந்தேன். கொஸ்லந்தையிலிருந்து ஒரு வாசகி, “எதை எடுத்தாங்க, எதைச் சேர்த்தாங்கன்னு சொல்லாம ஒரு வாரம் தூங்க விடமாட்டீங்களா?” என்று எழுதியிருந்தார். சொல்கிறேன் அக்கா.

முதலில், உள்ளே என்ன இருந்தது?

அதுவரை ஒரு சிறுமிக்குப் பன்னிரண்டு வயது நிறைந்துவிட்டால், அவள் சம்மதித்தாள் என்று சொல்லி ஒருவன் தப்பிவிடலாம். அந்த வயதைப் பதினாறாக்கினார்கள். வேலைத்தளத்தில், பஸ்ஸில் பெண்ணைத் தொந்தரவு செய்வது குற்றமாக எழுதப்பட்டது. வீட்டுக்குள் இரத்த உறவுக்காரனே செய்யும் பாலியல் கொடுமைக்குத் தனிப் பிரிவு வந்தது. ஆட்களைக் கடத்தி விற்பதற்கும் ஒரு பிரிவு. இவை எல்லாம் நல்ல காரியங்கள்; இன்றும் நீதிமன்றங்களில் பயன்படுகின்றன.

இவற்றோடு இன்னொன்றும் இருந்தது. வல்லுறவால் உண்டான கருவையும், தகாப்புணர்ச்சியால் உண்டான கருவையும், பிழைக்க முடியாத அளவுக்குக் குறையுள்ள கருவையும் கலைக்கலாம் என்ற பிரிவு.

1883-இன் சட்டம் என்ன சொல்கிறது? தாயின் உயிரைக் காப்பாற்ற நல்லெண்ணத்தோடு செய்தாலொழிய, கருவைக் கலைப்பவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை. பிள்ளை வயிற்றில் துடிக்கத் தொடங்கிய பிறகு என்றால் ஏழு ஆண்டு வரை. தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் குற்றவாளிதான். அவளுக்கு அந்தப் பிள்ளையைக் கொடுத்தது யார், எப்படி என்று சட்டம் கேட்காது. 1995-இன் சட்டமூலம் அந்தக் கேள்வியைத்தான் கேட்கச் சொன்னது.

அன்று சபையில் உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். அங்கேதான் நம்முடைய மலைநாடு கதைக்குள் வருகிறது.

*

1994 ஆகஸ்ட் 16. பொதுத் தேர்தல். தோட்டப் பாடசாலைகளில் நீண்ட வரிசைகள். 1949-இல் வாக்காளர் இடாப்பிலிருந்து எங்கள் ஆட்களின் பெயரை அடித்த கதையை நான்காம் அத்தியாயத்தில் விரிவாகப் பார்த்தோம். குடியுரிமை தந்த 1988-இன் 39-ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகுதான் அந்தப் பெயர்கள் கூட்டம் கூட்டமாகத் திரும்பி வந்தன. ஆகவே 1994-இல் நமுனுகுலையிலும் மடுல்சீமையிலும் வரிசையில் நின்ற பல கிழவிகளுக்கு அது வாழ்நாளின் இரண்டாவது, மூன்றாவது ஓட்டு. எங்கள் லயத்தில் ஒரு ஆயா விரலில் பூசிய மையை ஒரு கிழமை கழுவாமல் வைத்திருந்தார். பாத்திரம் விளக்கும்போதுகூட அந்த விரலைத் தூக்கிக்கொண்டே விளக்குவார்.

அந்தத் தேர்தலில் சந்திரிகாவின் பொதுஜன ஐக்கிய முன்னணிக்கு 105 ஆசனங்கள். முஸ்லிம் காங்கிரஸின் ஏழு சேர்ந்தால் 112. ஆட்சிக்கு 113 வேண்டும். அந்த ஒன்று எங்கிருந்து வந்தது? நுவரெலியாவில் சுயேச்சையாகக் கேட்டு வென்ற மலையக மக்கள் முன்னணியின் பெ. சந்திரசேகரனிடமிருந்து. கொழுந்து பறிக்கும் கைகள் போட்ட ஓட்டு ஒரு அரசாங்கத்தையே நிமிர்த்தி வைத்தது. பிறகு சௌமியமூர்த்தி தொண்டமானும் அந்த அமைச்சரவையில் சேர்ந்தார். அதே ஆண்டு நவம்பர் 9 ஜனாதிபதித் தேர்தலில் முன்னணியில் நின்ற இரண்டு வேட்பாளர்களுமே பெண்கள்: சந்திரிகாவும் ஸ்ரீமா திஸாநாயக்கவும். நாட்டின் 160 தொகுதிகளில் சந்திரிகா தோற்றது ஒன்றே ஒன்றில். அது நம் பதுளை மாவட்டத்து மஹியங்கனை.

பெண் ஜனாதிபதி, பெண் பிரதமர், மலையக ஓட்டால் நிமிர்ந்த அரசாங்கம். பெண்ணின் உடலைப் பற்றிய சட்டத்தைத் திருத்த இதைவிட நல்ல நேரம் இந்தத் தீவுக்கு வாய்த்ததில்லை. ஆனால் 225 பேர் கொண்ட அந்தச் சபையில் பெண்கள் பதினைந்து பேர்கூட இல்லை.

எங்கள் தோட்டத்துக்கு வாக்குக் கேட்டு வந்தவர்கள் என்ன பேசினார்கள்? பாண் விலையை மூன்றரை ரூபாயாக்குவோம் என்றார்கள். யுத்தத்தை நிறுத்துவோம் என்றார்கள். சம்பளம், லயத்துக் கூரை, தண்ணீர்க் குழாய், தோட்டத்துக்குப் பாதை. எல்லாம் தேவைதான், இன்றும் தேவைதான். ஆனால் “உங்கள் பிள்ளையை எவனாவது கெடுத்துவிட்டால், அவள் வயிற்றுக்கு யார் பொறுப்பு?” என்ற கேள்விக்கு உங்கள் நிலைப்பாடு என்ன என்று எவரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்கலாம் என்றுகூட அப்போது தெரியாது.

தோட்டத்துப் பெண்ணின் வயிற்றைப் பற்றி அரசாங்கம் அதுவரை பேசியதே இல்லையா? நிறையப் பேசியது. வேறு பாஷையில்.

*

1980-களில் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டால் அரசாங்கம் காசு கொடுத்தது. அது 500 ரூபாய் வரை உயர்ந்தது. நாட்கூலிக்குக் கொழுந்து எடுப்பவளுக்கு 500 ரூபாய் என்றால் பல நாள் சம்பளம். எங்கள் பக்கத்தில் அதற்கு எல்.ஆர்.டி. என்றே பெயர். “எல்.ஆர்.டி. பண்ணியாச்சா?” என்பது பிள்ளை பெற்று டிஸ்பென்சரிக்குப் போகிற பெண்ணிடம் கேட்கிற சாதாரணக் கேள்வி. தோட்டப் பெண்களிடையே இந்த அறுவைச் சிகிச்சை தேசிய சராசரியை விட மிக அதிகமாக நடந்திருப்பதை அரசாங்கத்தின் சொந்தக் குடித்தொகைக் கணக்கெடுப்புகளே காட்டின.

தெரிந்து, விரும்பிச் செய்துகொண்டவர்கள் உண்டு. நாலு பிள்ளைக்கு மேல் தாங்காது என்று நிம்மதியாக வந்தவர்களை நான் அறிவேன். ஆனால் பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் படுத்திருப்பவளிடம், பசியோடு இருப்பவளிடம், மாத்திரையும் ஊசியும் லூப்பும் இருக்கின்றன என்று விளக்காமல், காசை முன்னால் வைத்து வாங்கிய சம்மதத்தைச் சம்மதம் என்று எழுத என் கை வரவில்லை. சம்மதம் வாங்கிய தாள் எந்த மொழியில் இருந்தது என்று கேட்டால், “அதுல விரல் வச்சேன், அவ்வளவுதான்” என்பார்கள்.

பிள்ளை பெறாமல் இருக்க ஒரு பெண்ணுக்கு உரிமை உண்டு. பெற்றுக்கொள்ளவும் உரிமை உண்டு. இரண்டும் ஒரே உரிமையின் இரண்டு கைகள். 1980-களில் அரசு ஒரு கையைப் பிடித்துப் பணம் திணித்தது. 1883 முதல் மற்றக் கையில் விலங்கு மாட்டி வைத்திருந்தது. மொத்தமாக நிறுத்திக்கொள்ள 500 ரூபாய். வல்லுறவால் வந்த ஒன்றை நிறுத்தினால் சிறை.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். பசறைப் பக்கம் ஒரே லயத்தில் பிறந்த அக்கா, தங்கை இருவர். 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவும் போட்ட குடியுரிமை ஒப்பந்தத்தில் அக்காவுக்கு இந்தியப் பேர், தங்கைக்குச் சிலோன் பேர். அப்படிப் பிரிந்த குடும்பங்கள் ஆயிரமாயிரம். அக்கா பதுளையில் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்காக 1968-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறாள். அங்கேயும் கொழுந்து, அங்கேயும் அட்டை, அங்கேயும் லயம். ஆனால் 1971-இல் இந்தியப் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது: வல்லுறவுக் கருவையும் குறையுள்ள கருவையும் ஆஸ்பத்திரியில் கலைக்கலாம். 2018 செப்டம்பர் 6-இல் இந்திய உச்ச நீதிமன்றம் இன்னொன்று சொன்னது: வயது வந்த இருவர் மனமொத்து அன்பு செய்தால், இருவரும் ஆணானாலும் பெண்ணானாலும், அது குற்றமில்லை. கோத்தகிரியில் அக்காவின் பேத்திக்கும் பேரனுக்கும் கிடைத்த இந்த இரண்டும், பசறையில் தங்கையின் பேத்திக்கும் பேரனுக்கும் கிடைக்கவில்லை. இரண்டு நாட்டுச் சட்டக்கோவைக்கும் மூலம் ஒன்றுதான், மெக்காலே வரைந்து 1860-இல் இந்தியாவில் வந்தது. அவனுடைய சொந்த நாடான இங்கிலாந்து 1967 என்ற ஒரே ஆண்டில் இரண்டையும் தளர்த்திவிட்டது.

*

இனி சபைக்குப் போவோம்.

விவாதம் தொடங்கியது. சிறுவர் பாதுகாப்புப் பிரிவுகளுக்குப் பெரிய எதிர்ப்பில்லை. கருக்கலைப்புப் பிரிவு வந்ததும் சபை மாறியது. சமயத்தின் பெயரால் எதிர்ப்பு எழுந்தது. உயிர் புனிதம் என்றார்கள். நானும் உயிர் புனிதம் என்றே நம்புகிறேன். பிள்ளைக் காம்பராவில் தொட்டிலாட்டி வளர்ந்தவன் நான். ஆனால் யாருமில்லாத இடத்தில், யார் என்ன கொடுக்கிறார்கள் என்று தெரியாமல் எதையோ குடித்து, இரத்தம் நிற்காமல் பதுளை ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும் பெண்ணின் உயிரும் அந்தக் கணக்கில் சேர வேண்டும். அதை யாரும் சேர்க்கவில்லை.

வாக்கெடுப்புக்கு விட்டுத் தோற்கடிக்கப்படவில்லை. அரசாங்கமே அந்தப் பிரிவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. யார் ஆதரவு, யார் எதிர்ப்பு என்று பெயர் பெயராகப் பதிவாகாமல் போனது. எனக்கு ஆற்றாமை இதில்தான். தோற்றிருந்தால் கை தூக்கியவர் யார், தூக்காதவர் யார் என்று அடுத்த தேர்தலில் கேட்டிருக்கலாம். பின்வாங்கினால் கேட்க ஆளில்லை.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்றவர்களுக்கு இது தெரிந்த வித்தை. முதுகில் கொண்டுவந்த கொழுந்து தராசில் ஏறும். தண்ணீருக்கு இவ்வளவு, கூடைக்கு இவ்வளவு, முற்றலுக்கு இவ்வளவு என்று கழித்து, கணக்குப் புத்தகத்தில் ஒரு எண் விழும். நாம் கொண்டுவந்தது எவ்வளவு, எழுதியது எவ்வளவு என்று தெரிந்துகொள்ள ஒரே வழி தராசு முள்ளைக் கண்ணால் பார்ப்பது. வேட்பாளரையும் அப்படித்தான் நிறுக்க வேண்டும் என்று இத்தனை வருடங்களில் எனக்குத் தோன்றியிருக்கிறது. மேடைப் பேச்சில் இருக்கும் தண்ணீரைக் கழித்துவிட்டு, சபையில் அவர் கை எங்கே இருந்தது என்று பார்ப்பது.

கொஞ்சம் முன்னால் ஓடிப் பார்த்துவிட்டு வருகிறேன், பொறுங்கள்.

2017-இல் நீதியரசர் அலுவிகாரே தலைமையிலான குழு கருக்கலைப்புச் சட்டத்தைத் தளர்த்தப் பரிந்துரை தந்தது. விஷயம் அமைச்சரவை வரை போனது; கத்தோலிக்க ஆயர்களின் எதிர்ப்பு வந்ததும் அங்கேயே நின்றது. 2018 நவம்பரில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன ஒரு பெரும் கூட்டத்தில் ரணிலையும் அவரைச் சுற்றியிருந்தவர்களையும் வண்ணத்துப்பூச்சிகள் என்று கேலி செய்தார். சிங்களத்தில் அது தன்பாலீர்ப்பினரை இழிவாகச் சொல்லும் சொல். அட்டையாக இருப்பதைவிட வண்ணத்துப்பூச்சியாக இருப்பேன் என்று மங்கள சமரவீர பதில் எழுதினார். காலில் அட்டை கடித்த வடுவோடு வளர்ந்த எனக்கு அந்தப் பதில் மறக்கவில்லை. 2021 மார்ச் 1-இல் ஜனாதிபதி கோட்டாபய, பாலீர்ப்பு எதுவானாலும் எல்லோரும் கண்ணியமாக வாழும் உரிமையை உறுதி செய்வதாக ட்விட்டரில் எழுதினார். சட்டத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை.

2023-இல்தான் ஒருவர் தாளைக் கையில் எடுத்தார். பொதுஜன பெரமுன உறுப்பினர் பிரேமநாத் சி. தொலவத்த, தண்டனைச் சட்டக்கோவையின் 365-ஆம், 365அ பிரிவுகளைத் திருத்தித் தன்பாலீர்ப்பைக் குற்றமற்றதாக்கும் தனி உறுப்பினர் சட்டமூலம் ஒன்றைக் கொண்டுவந்தார். அரசாங்கம் எதிர்க்காது, உறுப்பினர்களின் ஆதரவை அவர்தான் தேடிக்கொள்ள வேண்டும் என்றார் ஜனாதிபதி ரணில். எதிர்ப்பாளர்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2023 மே 9-இல் சபாநாயகர் தீர்ப்பை வாசித்தார்: அரசியலமைப்புக்கு முரணில்லை, சாதாரணப் பெரும்பான்மையே போதும்.

இதை மனதில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்றில் இரண்டும் வேண்டாம், சர்வஜன வாக்கெடுப்பும் வேண்டாம், கையைத் தூக்கினால் போதும் என்று நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. உங்கள் வேட்பாளர் “எங்களுக்கு விருப்பந்தான், அரசியலமைப்பு விடாது” என்றால், அவர் இந்தத் தீர்ப்பைப் படிக்கவில்லை, அல்லது நீங்கள் படித்திருக்கமாட்டீர்கள் என்று நம்புகிறார். பால்நிலைச் சமத்துவச் சட்டமூலத்துக்கு 2024 ஜூனில் அதே நீதிமன்றம் மூன்றில் இரண்டும் சர்வஜன வாக்கெடுப்பும் வேண்டும் என்றது. அதைக் காட்டி ஒளிந்துகொள்ளப் பார்ப்பார்கள். அது வேறு சட்டமூலம்.

தொலவத்தவின் சட்டமூலம் வாக்கெடுப்பைக் காணவே இல்லை. 2024 செப்டம்பரில் பாராளுமன்றம் கலைந்தபோது அதுவும் கலைந்தது. நவம்பர் 14 தேர்தலில் தேசிய மக்கள் சக்திக்கு 159 ஆசனங்கள், மூன்றில் இரண்டுக்கும் மேல். பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேல் என்ற மலையகப் பெண் பாராளுமன்றம் போனார். விரலில் மையைக் கழுவாமல் வைத்திருந்த எங்கள் ஆயா அதைப் பார்க்க இல்லை. பார்த்திருந்தால் என்ன கேட்டிருப்பார் என்று யோசிக்கிறேன்.

அந்தத் தேர்தலுக்கு முன் ஹாலிஎலப் பக்கம் உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருந்தேன். வாக்குச்சீட்டு மாதிரி ஒன்றோடு ஒருவர் வந்து, எந்தச் சின்னத்துக்கு, எந்த மூன்று இலக்கத்துக்கு விருப்பு வாக்குப் போடுவது என்று சொல்லிக்கொடுத்தார். மாமி கேட்டார்: “மூனு பேருக்குப் போடச் சொல்றீங்களே தம்பி, அந்த மூனு பேரும் பொம்பளப் புள்ளைங்க விசயத்துல என்ன சொல்றாங்க?”

“என்ன விசயம் மாமி?”

“ஒண்ணும் தெரியாத புள்ளைய ஒருத்தன் கெடுத்துட்டான்னா, அத சுமந்துதான் ஆகணுமா? அந்த விசயம்.”

அவர் கேட்டுச் சொல்கிறேன் என்று போனார்; திரும்பி வரவில்லை. மாமி மூன்று இலக்கத்தில் ஒன்றுக்கு மட்டும் போட்டதாகப் பிறகு சொன்னார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

மாமி கேட்காத கேள்வி ஒன்றும் உண்டு. என்னோடு படித்த ஒருவன், பெயர் வேண்டாம், கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போனவன் தீபாவளிக்கும் வருவதில்லை. வந்தால் அம்மா பெண் பார்ப்பாள். அவன் மனது எங்கே இருக்கிறது என்பதை அவளிடம் சொல்ல அவனிடம் ஒரு தமிழ்ச் சொல் இருக்கவில்லை. பத்திரிகைகளில் தன்பாலீர்ப்பு என்று எழுதுகிறார்கள், அதை லயத்து வாசலில் நின்று ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது? ஒரு முறை சீருடைக்காரர் ஒருவர் அவனது போனைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, சட்டப் பிரிவின் இலக்கத்தைச் சொல்லிக் காசு பறித்தார். 365-க்குப் பத்து ஆண்டு வரை, 365அ-வுக்கு இரண்டு ஆண்டு வரை. வழக்கு வராவிட்டாலும் இலக்கம் போதும், பயம் போதும். அவன் ஓட்டு இன்னும் பதுளையில்தான் பதிவாகி இருக்கிறது. அவனுடைய ஓட்டையும் எந்த வேட்பாளரோ வாங்கிக்கொண்டுதான் போகிறார்.

*

அவசரப்பட்டு 2024 வரை ஓடிவிட்டேன். 1995-இல் ஒரு கணக்குப் பாக்கி நிற்கிறது. எடுத்தது எது என்று சொன்னேன். சேர்த்தது எது என்று சொல்லவில்லை.

365அ என்பது 1883-இன் மூலச் சட்டத்தில் இல்லாமல் பிறகு ஒட்டப்பட்டது. அது ‘ஆண் ஆள்’ எவரேனும் இன்னொரு ‘ஆண் ஆளோடு’ பெரும் அசிங்கம் புரிந்தால் குற்றம் என்றது. அசிங்கம் என்றால் என்ன என்று சட்டம் விளக்கவில்லை. நீதவான் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. இங்கிலாந்தில் 1885-இல் இதே வாசகத்தோடு வந்த பிரிவில்தான் ஆஸ்கார் வைல்டைச் சிறையில் போட்டார்கள். அந்த 1885-இலும் பிறகு வந்த நூறு ஆண்டிலும் அந்த வாசகம் ஆண்களை மட்டுமே பிடித்தது.

1995-இல் அந்தப் பிரிவையும் மேசையில் வைத்தார்கள். சட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாக இருக்க வேண்டும் என்ற காலம். பெய்ஜிங்கில் உலகப் பெண்கள் மாநாடு நடந்த ஆண்டு. சமப்படுத்த இரண்டு வழி இருந்தது. பிரிவையே நீக்கிவிடலாம், ஆணும் பெண்ணும் சமமாக விடுதலை பெறுவார்கள். அல்லது, ஒரு சொல்லை மட்டும் அடிக்கலாம்.

‘ஆண்’ என்ற சொல்லை அடித்தார்கள். ‘ஆள்’ மட்டும் மிஞ்சியது.

பெண்களுக்காக வந்த சட்டமூலம், பெண்கள் கேட்ட பிரிவை உதிர்த்துவிட்டு, அவர்களுக்கு அதுவரை இல்லாத ஒரு குற்றத்தைக் கொண்டுவந்து கொடுத்தது. இரண்டு பெண்களின் அன்பு இந்தத் தீவின் எழுதப்பட்ட சட்டத்தில் முதன்முதலாகக் குற்றமானது, நாட்டுக்குப் பெண் ஜனாதிபதியும் பெண் பிரதமரும் இருந்த ஆண்டில்.

1995-இன் 22-ஆம் இலக்கச் சட்டம் அக்டோபர் 31-இல் சான்றுப்படுத்தப்பட்டது. அதற்கு முந்திய நாள் மாலைதான் யாழ்ப்பாணம் முழுவதும் மூட்டை முடிச்சோடு வீதியில் இறங்கி நடக்கத் தொடங்கியிருந்தது. மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்துகொண்டிருந்த அந்த இலட்சக்கணக்கான சனத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கண்களுக்கு, கொழும்பில் ஒரு தாளில் அழிந்த ஒற்றைச் சொல் எப்படித் தெரியும்? பதுளையில் யாரும் அதைப் பேசி நான் கேட்டதில்லை. எங்கள் ஓட்டால் வந்த அரசாங்கம் அது என்பதும் அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை.

அந்தத் தாள் இருபத்துமூன்று ஆண்டுகள் அப்படியே கிடந்தது.

2018-இல் ஒரு பெண் அதைக் கையில் எடுத்தார். 2004-இல் ஈக்குவல் கிரவுண்ட் என்ற அமைப்பைத் தொடங்கியவர், ரொசானா பிளேமர்-கல்தேரா. அவர் கொழும்பு நீதிமன்றத்துக்குப் போகவில்லை. பெண்களுக்கு எதிரான பாரபட்சத்தை ஒழிப்பதாக இலங்கையே கையெழுத்திட்டுக் கொடுத்த உடன்படிக்கையை எடுத்துக்கொண்டு, 23 நிபுணர்கள் அமர்ந்திருக்கும் ஜெனீவாக் குழுவிடம் மனுக் கொடுத்தார். நீங்கள் அழித்த அந்த ஒரு சொல் என்னைக் குற்றவாளியாக்கிவிட்டது என்று.

இம்முறை சட்டமூலத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு போக வழியில்லை. பெயரோடு, எழுத்தில், ஒரு அரசாங்கம் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

ஜெனீவாவின் தராசில் முள் எந்தப் பக்கம் சாய்ந்தது?

(தொடரும்)